மூன்றாவது ‘வாங்க’

கப்பலில் ஆட்களை எப்படிக் கூட்டிப்போக வேண்டும் என்று, நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அன்றைக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பலர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். கருமத்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்தும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்.

சீமைக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது நம் தொழில். பாஷை தெரியாதவர்கள் கேட்டால், துணைக்கு ஓர் ஆளையும் அனுப்புகிறோம். இதுவரை அந்த ஆளாக நான் போய்வந்தேன். இப்போது காதில் வந்த நோவால், இனிக் கடல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி நீங்கள்தான் போக வேண்டும்.

போத்தனூரில் ரயில் ஏற்றுவது, தனுஷ்கோடியில் படகு மாற்றுவது, கொழும்பில் பெட்டிகளைச் சரிபார்ப்பது எல்லாம் ஒரு தடவை போனால் கைக்கு வந்துவிடும். அவற்றை நான் எழுதவில்லை. கப்பலில் மனிதர்களோடு மனிதர்கள் இருக்கும் முறை ஒன்று உண்டு. அது கைக்கு வர எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

சின்ன விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். ஆள் இல்லையே என்று நம்மவர்கள் போய்ச் சாய்ந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் வந்து எதிரே நிற்பார், ‘எழுந்திரு’ என்று சொல்லமாட்டார். நின்றுகொண்டே இருப்பார். அவர் நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

துணி காயப்போடுவதும் அப்படித்தான். அன்னூர்ப் பக்கத்துப் பருத்தி ஜின்னிங் பாக்டரிக்காரர் ஒருவர் என்னோடு வந்தார். நல்ல மனிதர். காலையில் குளித்துவிட்டு வேட்டியை அலசி மேல்தளத்துக் கம்பியில் கட்டினார்.

“இங்கே துணி போடக் கூடாதுங்க” என்றேன்.

“ஏனுங்க, ஊருக்கே ஆகற காத்து சும்மா அடிக்குது. காயப்போடாட்டிப் பாவமுங்க!”

பேசிக்கொண்டிருக்கும்போதே வேட்டி முடிச்சவிழ்ந்து பறந்தது. நேராகப் போய், எதிரே வந்துகொண்டிருந்த ஓர் அதிகாரியின் தலையைச் சுற்றிக்கொண்டது. பாக்டரிக்காரர் நிதானமாகப் போய் அவிழ்த்து எடுத்தார். அந்த அதிகாரியைப் பார்த்து, “மன்னிச்சுப்போடுங்க” என்று கும்பிட்டார். திரும்பி வரும்போது என்னிடம் மட்டும், “வேட்டி அவருக்கு எடுப்பாத்தான் இருக்குது, போங்க” என்றார்.

அதற்குப் பிறகு அந்த அதிகாரி எங்களைக் கண்டால் தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல வேடிக்கை காட்டுவார். இந்த மாதிரித் தவறுகளைக் கடல் மன்னித்துவிடும்.

மன்னிக்காத தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து நாச்சம்மாள் என்ற அம்மாள் வந்தார். கணவர் காலமான பிறகு நெல்லும் வாழையும் தென்னையுமாக அத்தனை பண்ணையத்தையும் தாமே பார்த்தவர். ஒரே மகன். மில் எந்திர வேலை படிக்கச் சீமைக்குப் போன பையன் அங்கே நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். தாயார் வந்தால் நல்லது என்று டாக்டர்கள் தந்தி கொடுத்துவிட்டார்கள். ‘நல்லது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்திருந்தது. ஈரோட்டுக்கு அப்பால் ரயிலில் போயறியாதவர், அதே வாரம் புறப்பட்டு வந்துவிட்டார்.

அவருக்கு இரண்டாம் வகுப்பு. எனக்குக் கீழே மூன்றாம் வகுப்பு. அவருடைய சாப்பாட்டு மண்டபத்துக்குள் நான் போகக் கூடாது. முதல் நாள் மதியம் மணி அடித்ததும் வாசல்வரை கூட்டிப்போய், அங்கே பரிமாறும் ஸ்டூவர்ட் பையன் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவருக்கு மரக்கறிச் சாப்பாடு, தனிப் பாத்திரம் எல்லாம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பிறகு மேல்தளத்தில் பார்த்தபோது, “சாப்பாடு ஆச்சுங்களாம்மா?” என்று கேட்டேன்.

“ஆச்சு தம்பி. நீங்க சாப்புட்டீங்களா?” என்றார்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

ஊரிலிருந்து ஒரு தகர டின் நிறைய வெல்லம் போட்ட கச்சாயமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். மேல்தளத்தில் ஓடியாடும் குழந்தைகளையெல்லாம், “வா கண்ணு, வா சாமி” என்று கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றது. “தின்னு ராசா, கசக்காது” என்றார். டின் சீக்கிரம் காலியாகிவிட்டது. அவர் அதில் எவ்வளவு சாப்பிட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு கடல் பொங்கியது. அது தென்மேற்குக் காற்றுக் காலம். பாதிப் பேர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் படிக்கட்டில் அம்மாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கப்பல் டாக்டர் நாடி பார்த்தார். முதலில் கடல் மயக்கம் என்றுதான் நினைத்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, நாக்கைப் பார்த்து, என்னிடம் திரும்பி, “இவர் சாப்பிடுவதே இல்லையே. ஏன்?” என்று கேட்டார்.

அந்த டாக்டர் கடுமையானவர் அல்லர். நிதானமாகவே சொன்னார். அடுத்த துறைமுகம் ஏடன். அதற்குள் இந்த அம்மாள் சாப்பிட்டுத் தேறாவிட்டால் அங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டியதுதான். ஏடனைத் தாண்டினால் செங்கடலின் வெக்கையை இந்த உடம்பு தாங்காது. கப்பலில் சாகவிட அவரால் முடியாது.

ஏடனில் இறக்கினால் அடுத்த கப்பல் கிடைத்துப் போய்ச் சேருவதற்குள் பையன் இருப்பானோ என்னமோ. நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் அம்மாளிடம் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “நான் எம் பையனைப் பாக்கோணும் தம்பி” என்றார். அவ்வளவுதான்.

“அப்ப சாப்பிடோணுமுங்கம்மா. சாமி விரதம் ஏதாச்சுமுங்களா? சமையல்காரன் கை ஆகலீங்களா? நானே ஆக்கித் தாரேனுங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. பசிக்கல.”

“ரூமுக்கே கொண்டுவரச் சொல்லட்டுங்களா?”

“நோவாளியாட்டவா? வேண்டாம் தம்பி. மணி அடிச்சா நானே போறேன்.”

சமையலறைக்கு ஓடினேன். பாத்திரங்களைத் திரும்பக் கழுவச் சொன்னேன். எண்ணெயை மாற்றச் சொன்னேன். கஞ்சி வைக்கச் சொன்னேன். என் புத்தியெல்லாம் பாத்திரத்திலேயே இருந்தது.

அங்கே தலைமை ஸ்டூவர்ட் இருந்தார். கோவாக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர். இந்தத் தொழிலில் எனக்குக் குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் ஒருநாளும் உட்கார வைத்து எனக்கு அவர் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேள்விதான் கேட்பார். நான் சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாத்திரத்தை விடு. அந்த அம்மாள் யாருக்காகக் காத்திருக்கிறார்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மணி அடித்ததும் தவறாமல் வருகிறார். மண்டப வாசலில் ஓரமாக நிற்கிறார். உள்ளே போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு திரும்பிப் போய்விடுகிறார். சற்று முன்புகூட, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போனார். யாரோ தெரிந்தவர் வரவேண்டும்போல என்று நான் நினைத்தேன். யார் அவர்?”

“யாரும் இல்லையே. முதல் நாள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாரே?”

“உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. பையன் எதைக் கொண்டுபோனாலும் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.” கொஞ்சம் யோசித்தார். “உங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவர் வீட்டில் எப்படிச் சாப்பிடப் போவார்?”

தம்பிகளே, அந்தக் கேள்வியைக் கேட்டதும் நம் ஊர் வாசல் ஒவ்வொன்றும் கண்முன் வந்தது.

ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாமல் விட்டாலும் வந்தவர் மனம் நோகும். ‘ஒரு வாங்க கூடச் சொல்லலை’ என்று பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதலில் சொம்பில் தண்ணீர் தர வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தவர், ‘இப்பத்தான் ஆச்சுங்க’ என்பார். அது வாயால் சொல்வது. மறுபடி கூப்பிட வேண்டும். ‘உங்களுக்கெதுக்குச் சிரமம்’ என்பார். மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். முதல் தடவையிலேயே இலையில் உட்காருகிறவனை நாம் என்ன பேசுவோம்? பசி தாங்காதவன் என்போம். பசித்த வயிற்றோடு அடுத்தவர் வீட்டிலிருந்து வந்தாலும், ‘சாப்பாடு ஆச்சு’ என்றுதானே வெளியில் சொல்வோம்? அந்த வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கமாட்டோம்.

வெள்ளைக்காரர் ஒரு தடவை கேட்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். அந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஓர் உயிர் பட்டினி கிடந்தது.

“யாராவது ‘வாங்க’ என்று சொல்வதற்காக நிற்கிறார்” என்றேன்.

“நான் சொல்கிறேன்” என்றார் தலைமை ஸ்டூவர்ட். உடனே தாமே தலையை ஆட்டினார். “பரிமாறுகிறவன் சொன்னால் ஆகுமா?”

“வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்.”

“இந்த வீட்டுக்கு யார் வீட்டுக்காரர்?”

எங்கள் இரண்டு பேர் கண்களும் ஒரே சமயத்தில் மேலே போயின. கேப்டன்.

அவர் இரண்டாம் வகுப்பு மண்டபத்துக்கு வருகிறவர் அல்லர். அவர் சாப்பாடு முதல் வகுப்பில். அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்றதும், “நீங்களே சொல்லிவிடுங்கள்” என்று தலைமை ஸ்டூவர்ட்டைக் கெஞ்சினேன்.

“நான் சொன்னால் வேலைக்காரன் சொன்ன சேதி. நீ சொன்னால் அது அந்த அம்மாளுடைய வீட்டுச் சேதி. நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார்.

கேப்டன் அறைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எதையோ சொல்லி முடித்தேன். கேப்டன் உயரமானவர், அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவர் கையில் டிக்கெட் இருக்கிறது. அதைவிட என்ன அழைப்பு வேண்டும்?” என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. “ஐயா, டிக்கெட் கப்பலுக்குள் வருவதற்கு. சோற்றுக்கு மனிதர் கூப்பிட வேண்டும்” என்றேன்.

தலைமை ஸ்டூவர்ட் மெல்ல, “ஏடனில் ஒரு நோயாளியை இறக்குவதைவிட ஒரு சொல் சொல்வது லேசு, ஐயா” என்றார்.

கேப்டன் தொப்பியை எடுத்தார். “அந்தச் சொல் என்ன?”

சொன்னேன். “வாங்க.”

“வங்கா.”

“வாங்க.”

இரண்டு மூன்று தடவையில் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்வார், அதைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது, மூன்று தடவை சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். “வேண்டாம் என்கிற சீமாட்டியைத் திரும்பத் திரும்ப வற்புறுத்த வேண்டுமா?” என்று ஆச்சரியப்பட்டார். “எங்கள் அம்மா என்னை நல்ல அடி அடித்திருப்பார்.”

அடுத்த சாப்பாட்டு மணி அடித்தது. அம்மாள் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்து வாசலோரம் நின்றார். உள்ளே போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கேப்டன் முழு உடுப்போடு படியிறங்கி வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் முகம் சுளித்ததையும் நான் பார்த்தேன். கேப்டன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைத் தம் கையாலேயே எடுத்துவந்து அம்மாளிடம் நீட்டினார்.

“வாங்க” என்றார்.

அம்மாள் அவரை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கையாலும் தம்ளரை வாங்கிக் கொஞ்சம் குடித்தார். பிறகு, நம் ஊர் வாசலில் நின்று சொல்வதைப்போலவே, “இருக்கட்டுங்க. இப்பத்தான் ஆச்சுங்க” என்றார்.

கேப்டன் என் பக்கம் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“வாங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நீங்க போய்ச் சாப்புடுங்க.”

“வாங்க” என்றார் மூன்றாம் தடவை. இம்முறை என்னைப் பார்க்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கி, உள்ளே கையைக் காட்டினார்.

“இத்தனை சொல்றீங்க. அப்ப வாரேனுங்க” என்றார் அம்மாள்.

வாசலைத் தாண்டியவர் அங்கேயே நின்று என்னைத் தேடினார். “ஏந்தம்பி, இவரு சாப்புட்டாரான்னு கேளுங்க” என்றார். கேட்டேன். இன்னும் இல்லை என்றார் கேப்டன்.

“அதெப்படி? ஊட்டுக்காரரு பட்டினி, ஒறம்பரை சாப்புடறதா? அவரையும் உக்காரச் சொல்லுங்க.”

சொன்னேன். கேப்டன் உட்கார்ந்தார். தலைமை ஸ்டூவர்ட் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, ‘அந்த அம்மாள் எதைக் கொண்டுபோனாலும் வேண்டாம் என்பார், நீ காது கேளாதவனாக இரு’ என்று சொல்லி வைத்திருந்தார். அம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மோர்ச்சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

ஏடனில் கப்பல் நின்றபோது டாக்டர் வந்து நாடி பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கரைக்குப் போகும் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அம்மாள் கம்பியைப் பிடித்தபடி, கடைசிப் படகு போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது. கேப்டன் கூப்பிட்டுச் சாப்பிட்டதால் தாமும் அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று அம்மாள் எடுத்துக்கொண்டார். மணி அடித்தால் முதல் ஆளாகப் போய் உள்வாசலில் நிற்பார். வருகிறவர் யாரானாலும், “வாங்க, வாங்கம்மா, வா கண்ணு” என்பார். முதலில் சிரித்தவர்கள் பிறகு நின்று தலைவணங்கிப் போனார்கள். முகம் சுளித்தவர்களில் ஒருவர், அவர் சொல்லும்வரை வாசலில் நின்றதை நான் கண்ணால் கண்டேன். அத்தனை சின்ன உடம்புக்குள் ஒரு பெரிய வீடே இருந்தது.

சீமைத் துறைமுகத்தில் இறங்கி ரயில் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள், வாசலில் ஒரு நர்ஸ். இங்கேயும் அம்மாள் ஓரமாக நின்றுவிட்டால் என்ன செய்வது? நர்ஸிடம் நான்தான் போய்ச் சொல்லி அவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று, வாக்கியத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டி முடித்து நிமிர்ந்தால் அம்மாள் பக்கத்தில் இல்லை. நர்ஸையும் வாசலையும் தாண்டி, மூன்றாவது கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். கட்டிலில் இருந்த பையன் எழுந்திருக்கப் பார்த்தான். இளைத்திருந்தான், ஆனால் கண்ணில் உயிர் இருந்தது. அவர் அவன் தலையைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நான் வாசலோரம் நின்றேன். தாயும் மகனும் இருக்கும் இடத்தில் எனக்கு என்ன வேலை? திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

தம்பிகளே, நீங்கள் கூட்டிப்போகிறவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்வார்கள், ‘ஆச்சு’ என்று சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். வாசலில் போய்ப் பாருங்கள்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார்.

“ஏந்தம்பி அங்கயே நின்னுட்டீங்க? வாங்க.”

“இருக்கட்டுங்கம்மா” என்றேன்.

“அட வாங்க தம்பி.”

நான் இன்னொரு தடவைக்காகக் காத்து நின்றேன்.